ஐந்தடி தள்ளிப்போன ஆட்டம்: பம்பஸ் ஜோன்ஸும் அவரது எட்டு ஆட்டங்களும்

பம்பஸ் ஜோன்ஸின் மொத்தக் கணக்கையும் ஒரு தீப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக் பேஸ்பாலில் எட்டு ஆட்டங்கள். அவர் பெயரில் எழுதப்பட்டவை இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. எறிந்தது 41 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். இ.ஆர்.ஏ. 7.99, அதாவது ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டு ரன் கொடுத்திருக்கிறார். பந்து எறிபவரான ஒரு பிட்ச்சருக்கு நான்கைந்து என்றாலே முகம் சுளிப்பார்கள்.

இந்தக் கணக்கோடு ஒரு பெயர் நூறு வருஷம் கழித்தும் புத்தகத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இருக்கிறது. மேஜர் லீக்கில் முதன்முதலாகக் களமிறங்கிய ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முடித்த பிட்ச்சர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அந்த முதல் நாள் 1892 அக்டோபர் 15. மற்ற ஏழு ஆட்டங்களும் 1893இல். நடுவில் ஒரு குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மனிதரின் கணக்கைப் படித்தால், 'ஒரு நாள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி உண்மை என்பது என் எண்ணம். மீதிப் பாதி ஆட்டக்காரரிடம் இல்லை, மைதானத்தின் அளவில் இருக்கிறது.

முதலில் நோ-ஹிட்டர் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். பேஸ்பால் பார்க்காதவர்கள் இங்கேதான் இடறுவார்கள். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், ஆக 27 அவுட். பேட்டர் பந்தை அடித்து, ஃபீல்டரின் தவறு ஏதும் இல்லாமல், பத்திரமாக ஒரு பேஸை, அதாவது ரன்னுக்கு ஓடும் வழியில் இருக்கும் ஒரு நிலையை, அடைந்தால் அது ஹிட். 27 அவுட்டையும் எடுத்து முடிக்கும்வரை அப்படி ஒன்றுகூட நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் நோ-ஹிட்டர். ஆனால் பிட்ச்சர் குறி தவறி நான்கு 'பால்' வீசிவிட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அது 'வாக்', ஹிட் கணக்கில் சேராது. ஃபீல்டர் கோட்டைவிட்டுப் பேட்டர் தப்பித்தால் அது 'எரர்', அதுவும் ஹிட் இல்லை. அதனால் ஒரு ஹிட்டும் கொடுக்காமலே ரன் கொடுக்க முடியும். கிரிக்கெட்டில் வைடும் பைஸும் ஸ்கோரில் ஏறினாலும் எந்த பேட்ஸ்மேனின் கணக்கிலும் சேர்வதில்லை அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஒப்பீட்டுக்குக் கிரிக்கெட்டை இழுத்ததில் தப்பில்லை. பேஸ்பால் ஸ்கோர் அட்டைக்கு வடிவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1869இல் முழுக்க முழுக்கச் சம்பளத்துக்கு ஆடிய முதல் பேஸ்பால் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட்டும் ஷெஃபீல்டில் பிறந்த கிரிக்கெட்காரர்தான். அந்த ஊருக்கு அவர் போனதே கிரிக்கெட் வேலையாக. நம் கதையும் அதே சின்சினாட்டியில்தான் நடக்கிறது.

1892ஆம் ஆண்டு பேஸ்பாலுக்குச் சோர்வான ஆண்டு. அன்றைய பெரிய லீக்கான நேஷனல் லீக்குக்குப் போட்டியாக இருந்த அமெரிக்கன் அசோசியேஷன் முந்தைய ஆண்டின் முடிவில் மடிந்துபோக, அதன் நான்கு அணிகளை நேஷனல் லீக் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு அணிகள், நீண்ட சீசன். பன்னிரண்டில் கடைசியாகக் கிடக்கும் அணியின் ஆட்டத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? சீசனை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் பாதி பாஸ்டனுக்கு, இரண்டாம் பாதி கிளீவ்லாந்துக்குப் போனது. கூட்டம் அப்போதும் சேரவில்லை. சீசன் நடுவிலேயே முதலாளிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை வெட்டினார்கள், ஆட்களையும் குறைத்தார்கள். போட்டி லீக் இல்லாததால் கோபித்துக்கொண்டு போக வேறு இடமும் இல்லை.

அப்படிப்பட்ட சீசனின் கடைசி நாள். சனிக்கிழமை. சின்சினாட்டி ரெட்ஸும் பிட்ஸ்பர்க் பைரட்ஸும் மோதின. யார் ஜெயித்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. இப்படிப்பட்ட நாளில்தான் ஒரு மேனேஜர் புது ஆளை எறியவிட்டுப் பார்ப்பார். அன்றைய மேனேஜர் சார்லி கோமிஸ்கி. பின்னாளில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் முதலாளியாகி, 1919இல் தன் ஆட்டக்காரர்களே சூதாடிகளிடம் விலைபோன அவமானத்தைப் பார்த்தவர் இவரே. (அந்த உலகத் தொடரில் ஜெயித்த அணி, வேடிக்கையாக, சின்சினாட்டி ரெட்ஸ்.) அவர் பந்தைக் கொடுத்தது 22 வயதுப் பையனிடம். பெயர் சார்ல்ஸ் லியாண்டர் ஜோன்ஸ், பட்டப்பெயர் பம்பஸ். ஊர் அதே ஓஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டிக்கு வடகிழக்கே இருக்கும் சீடர்வில் என்ற சிற்றூர். அதுவரை சிறு லீக்குகளில் எறிந்துகொண்டிருந்தவர்.

முடிவு, சின்சினாட்டி 7, பிட்ஸ்பர்க் 1. ஜேக் பெக்லி போன்ற நல்ல பேட்டர்கள் இருந்த அணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை. ஜோன்ஸ் நான்கு வாக் கொடுத்தார். அந்த ஒரே ரன்னும் எரர் கலந்து வந்ததால் அவர் கணக்கில் ஏறவில்லை. சீசனின் வழக்கமான ஆட்டங்களில் இவ்வளவு தாமதமான தேதியில் வேறு யாரும் நோ-ஹிட்டர் எறிந்ததில்லை என்பது அந்த நாளின் இன்னொரு பெருமை. அத்தோடு இரு அணிக்கும் சீசன் முடிந்தது.

அப்புறம் வந்தது அந்தக் குளிர்காலம்.

பேஸ்பாலின் விதிகளைத் திருத்துகிறவர்களுக்குப் பல ஆண்டாகவே ஒரு தலைவலி: பிட்ச்சருக்கும் பேட்டருக்கும் இடையே தராசு நேராக நிற்க மாட்டேன் என்றது. ஆரம்பத்தில் பிட்ச்சர் 45 அடி தூரத்திலிருந்து, கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் வீச வேண்டும். அவர் வேலை பந்தை அடிக்கக் கொடுப்பது, அவ்வளவுதான். மெல்ல மெல்லக் கை மேலே ஏறியது. வளைந்து போகும் 'கர்வ்' பந்து வந்தது. பேட்டர்கள் திணற, 1881இல் தூரத்தை 50 அடி ஆக்கினார்கள். 1884இல் தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோய் எறியலாம் என்று நேஷனல் லீக் அனுமதித்தது. கிரிக்கெட்டில் ஓவர்ஆர்ம் பௌலிங்குக்கு 1864இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அந்த வகையில் பங்காளியான பேஸ்பால்காரர் இருபது ஆண்டு பின்தங்கித்தான் வந்தார். பந்து உயரமாக வேண்டுமா தாழ வேண்டுமா என்று பேட்டர் கேட்டு வாங்கும் உரிமை 1887இல் போயிற்று. எத்தனை 'பால்' வீசினால் ஒரு வாக் என்பதை மாற்றி மாற்றி, 1889இல் நான்கில் நிறுத்தினார்கள்.

இதெல்லாம் செய்தும் பிட்ச்சர்கள் கையே ஓங்கியிருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸின் ஏமஸ் ரூசி வீசும் வேகத்தைப் பார்த்துப் பேட்டர்கள் பயந்தார்கள். வேகத்தோடு குறியும் இருந்தால் சரி. அவரோ 1890இல் ஒரே சீசனில் 289 வாக் கொடுத்தவர். பந்து எங்கே வருமென்று அவருக்கே தெரியாதபோது எதிரே நிற்பவர் என்ன செய்வார்? 1892இல் லீக் முழுவதன் பேட்டிங் சராசரி .245, அதாவது வாக் போன்றவற்றைத் தள்ளிவிட்டால் ஆயிரம் முறை அடிக்க நின்றதற்கு 245 ஹிட். அடிப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, அடி விழவில்லை என்றால் கல்லாவும் நிரம்பாது. 1893 மார்ச்சில் நேஷனல் லீக் முதலாளிகள் பிட்ச்சரைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

எவ்வளவு பின்னுக்கு என்பதில் பெரிய குழப்பம் உண்டு. 50 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலம் என்று புத்தகங்கள் சொல்லும்போது பத்தரை அடி கூடிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கூடியது ஐந்தடி. அதுவரை பிட்ச்சர் நின்றது ஒரு புள்ளியில் அல்ல, தரையில் கோடு போட்ட பெட்டிக்குள். பெட்டியின் முன்கோடு 50 அடியில். பெட்டியின் நீளம் ஐந்தரை அடி. 1887 முதல் பின்காலைப் பின்கோட்டில் ஊன்றித்தான் எறியத் தொடங்க வேண்டும். ஆக, அவர் கால் நின்ற இடம் 55 அடி 6 அங்குலம். 1893இல் பெட்டியை அழித்துவிட்டு, 12 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட ஒரு ரப்பர் பட்டையைப் பதித்தார்கள். பழைய பின்கோட்டிலிருந்து சரியாக ஐந்தடி பின்னால். அதுதான் 60 அடி 6 அங்குலம். இன்றைக்கும் அதே அளவுதான்.

அந்த ஆறு அங்குலத்துக்கு ஒரு கதை உலவுகிறது. 60 அடி 0 அங்குலம் என்று வரைபடத்தில் இருந்ததை, அளந்தவர் பூஜ்யத்தை ஆறு என்று படித்துவிட்டாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 55 அடி 6 அங்குலத்தோடு ஐந்தைக் கூட்டினால் என்ன வரும் என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை போலும்.

ஐந்தடி. பெரிய தூரமா? அறையின் இந்த மூலையில் நின்று ஒரு குப்பைக்கூடையில் காகித உருண்டை போட்டுப் பழகியவர் இரண்டு எட்டு பின்னால் போய் அதையே செய்து பார்த்தால் தெரியும். கை பழைய தூரத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். பந்தை விடும்போது கை பக்கவாட்டில் ஒரு டிகிரி பிசகினால், 55 அடி 6 அங்குலத்தில் பந்து ஏறத்தாழ 11.6 அங்குலம் தள்ளிப்போகும். 60 அடி 6 அங்குலத்தில் 12.7 அங்குலம். பேட்டர் நிற்கும் இடத்தில் பதித்த, பந்து மேலே கடந்து போக வேண்டிய ஹோம் பிளேட் அன்று மூலைக்கு மூலை 17 அங்குலம். அதில் ஓர் அங்குலம் சும்மா போய்விட்டது. இதைவிட மோசம் உயரம். அன்று பந்தின் வேகத்தை அளக்கக் கருவி இல்லை. ஒரு பேச்சுக்கு மணிக்கு 85 மைல் என்று வைத்துக்கொள்வோம். பழைய தூரத்தைக் கடக்க 0.445 நொடி, புதிய தூரத்துக்கு 0.485. கூடுவது ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. காற்றின் தடையையும் சுழற்சியையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தக் கண்ணிமைப்பொழுதில் பந்து இன்னும் ஏறத்தாழ ஏழு அங்குலம் கீழே இறங்கிவிடும். முட்டிக்கு மேலே ஸ்ட்ரைக்காக, அதாவது குறி தவறாத நல்ல பந்தாக, போய்க்கொண்டிருந்த பந்து இப்போது முட்டிக்குக் கீழே போகும், அம்பயர் 'பால்' என்பார். நான்கு முறை சொன்னால் வாக். அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் மேலே எறிந்தால், கூடக் கிடைத்த அந்த நேரத்தில் பேட்டர் பார்த்து, நிதானமாக, விளாசுவார். பிட்ச்சர் நிற்க இன்றைக்குப் போல விதிப்படி அமைத்த மேடும் அப்போது இல்லை.

விளைவு அந்த ஆண்டே தெரிந்தது. லீக்கின் பேட்டிங் சராசரி .245இலிருந்து .280க்கு ஏறியது. அடுத்த ஆண்டு .309. லீக் முழுவதும் சேர்த்தே .309! சிகாகோவின் பில் ஹட்சின்சன் 1892இல் 600 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 300க்கும் அதிகமான ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) எடுத்தவர், லீக்கின் முதல் வரிசை ஆள். 1893இல் அவருக்குக் கிடைத்த ஸ்ட்ரைக்அவுட் 80. இன்னிங்ஸும் குறைந்தது உண்மைதான். ஆனாலும் முந்நூறு எங்கே, எண்பது எங்கே. அதன்பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஜோன்ஸ் 1893இல் அதே ரெட்ஸ் அணிக்காக ஆறு ஆட்டங்களில் எறிந்தார். ஒரு வெற்றி, மூன்று தோல்வி, இ.ஆர்.ஏ. 10.05. ரெட்ஸ் அவரை விட்டுவிட்டது. நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டு ஓர் ஆட்டம் கொடுத்துப் பார்த்தது. நான்கு இன்னிங்ஸ், ஒரு தோல்வி. அவ்வளவுதான், மேஜர் லீக் முடிந்தது. வாழ்நாளில் அவர் எடுத்த 125 அவுட்டில் முதல் 27ஐ எடுக்கும்வரை, அவர் தவறால் என்று சொல்ல ஒரு ரன்கூட இல்லை. மீதி 98ஐ எடுப்பதற்குள் 37 ரன் கொடுத்திருந்தார்.

சரி, எல்லாப் பழியையும் அந்த ரப்பர் பட்டையின் மேல் போட்டுவிடலாமா? போட முடியாது என்பதற்கு ஜயன்ட்ஸ் அணியிலேயே சாட்சி இருந்தார். யாருடைய வேகத்துக்குப் பயந்து தூரத்தைக் கூட்டினார்களோ அந்த ரூசி, 1894இல் 36 ஆட்டங்களை ஜெயித்தார். லீக்கின் இ.ஆர்.ஏ. ஐந்தைத் தாண்டிப் போயிருந்த ஆண்டில் அவருடையது 2.78. கிளீவ்லாந்தின் சை யங்கும் ஓஹாயோக்காரர்தான். 1892இல் 36 வெற்றி, தூரம் மாறிய பிறகு 1893இல் 34. ஐந்தடி அவர்களையும் தள்ளியது, அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், ரூசிக்கும் யங்கிற்கும் சமாளிக்க அவகாசம் கொடுத்தார்கள். பெயர் பெற்றவர் நாலு ஆட்டம் சொதப்பினால் 'பழகிக்கொள்ளட்டும்' என்பார்கள். கைவசம் ஒரே ஓர் ஆட்டத்தை வைத்திருந்த 23 வயதுப் பையனுக்கு அந்தச் சலுகை இல்லை. கூட்டமும் கல்லாவும் மெலிந்திருந்த காலத்தில் அணிகள் பிட்ச்சர்களை விரல்விட்டு எண்ணும்படிதான் வைத்திருந்தன. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தான் ஜெயித்த அந்த நாளிலேயே ஜோன்ஸ் நான்கு வாக் கொடுத்தவர். பழைய தூரத்திலேயே குறி கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்த கை, புதிய தூரத்தில் திணறியதில் ஆச்சரியமில்லை. அன்று எதிரே நின்ற பிட்ஸ்பர்க்காரர்களும் நீண்ட சீசனை முடித்து ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்திருக்கலாம்.

அதனால் அவரைப் பெரிய மேதை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 7.99 என்ற எண் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களின் கணக்கைக் கூட்டி வகுத்தது. 55 அடி 6 அங்குலத்தில் அவர் எறிந்தது ஒன்பது இன்னிங்ஸ், ஒரு ஹிட்டும் இல்லை. அந்தத் தூரத்தில் அவருடைய இரண்டாவது ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சோதித்துப் பார்க்க அவருக்கும் வழியில்லை, நமக்கும் இல்லை.

முதல் நாளில் உச்சிக்குப் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. டெட் பிரைடென்ஸ்டைன் 1891 அக்டோபர் 4இல் செயின்ட் லூயிஸுக்காக, முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய நாளில் நோ-ஹிட்டர் எறிந்தார். ஆனால் அதற்கு முன்பே இடையில் வந்து எறிந்த பழக்கம் அவருக்கு இருந்தது. பிறகு நெடுநாள் நிலைத்து, 1898இல் சின்சினாட்டிக்காக இன்னொன்றும் எறிந்தார். ஜோன்ஸின் விதிக்கு நெருங்கிய உறவு என்றால் போபோ ஹாலமன்தான். 1953 மே 6, செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ், முதன்முறையாகத் தொடங்கிய ஆட்டம், நோ-ஹிட்டர். அந்த ஆண்டு ஜூலைக்குள் மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மொத்தம் மூன்று வெற்றி, ஏழு தோல்வி. ஓர் ஆட்டத்தைத் தொடங்கி அவரே முடித்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அவரைத் தூரம் மாற்றி யாரும் வீழ்த்தவில்லை. 2021 ஆகஸ்ட் 14இல் அரிசோனாவின் டைலர் கில்பர்ட் இந்த வரிசையில் சேர்ந்தார். கொரோனா ஆண்டில் மைனர் லீக் மூடிக்கிடந்தபோது அப்பாவோடு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இவர்கள் எல்லோருமே நோ-ஹிட்டருக்கு முன்பு மேஜர் லீக்கில் கொஞ்சமாவது எறிந்திருந்தார்கள். காலடி வைத்த முதல் ஆட்டத்திலேயே என்றால் அது ஜோன்ஸ் மட்டும்தான்.

1893க்குப் பிறகு ஜோன்ஸ் எறிவதை விட்டுவிடவில்லை. மைனர் லீக்குகளில் இன்னும் பல ஆண்டுகள் எறிந்தார். அங்கேயும் தூரம் 60 அடி 6 அங்குலம்தான். மேஜர் லீக்கிலிருந்து மட்டும் மறுபடி அழைப்பு வரவில்லை.

1938 ஜூன் 11இல் சின்சினாட்டி ரெட்ஸின் இளம் பிட்ச்சர் ஜானி வாண்டர் மீர், பாஸ்டனுக்கு எதிராக ஒரு நோ-ஹிட்டர் எறிந்தார். நான்கே நாளில், ஜூன் 15 இரவு, புரூக்ளினின் எபட்ஸ் ஃபீல்டில் முதன்முதலாக மின்விளக்கில் நடந்த ஆட்டத்தில் இன்னொன்று. அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் நோ-ஹிட்டர், அதை அவருக்கு முன்னும் யாரும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அமெரிக்கா முழுக்க அந்தப் பேச்சாக இருந்தது. அது ஓயும் முன்னே, ஜூன் 25 அன்று, சீடர்வில்லுக்குப் பக்கத்து ஊரான ஸீனியாவில் பம்பஸ் ஜோன்ஸ் இறந்தார். வயது 68.